ஏறுமுகத்தில் ஒரு கிணறு

மாமியார் வீட்டில் குளிக்கப் போன மாப்பிள்ளை, தலை நிறைய சோப்பு நுரையோடு, கண்ணைத் திறக்க முடியாமல், உள்ளேயிருந்து குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற கதையை என் மனைவி தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்த மாப்பிள்ளை நான்தான். குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் முதலில் நூலாக மெலிந்தது. பிறகு சேற்றுநிறத்தில் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றேபோனது. கிணற்று மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது.

"மாப்பிள்ளை, கண்ணத் திறந்துடாதீங்க! இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அத்தை பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அவர்களும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடம் வாங்கி வந்து கதவிடுக்கில் வைத்தார். ஒரு குடத்தில் நான் மனிதனாக வெளியே வந்தேன்.

துண்டை நீட்டிய மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா வீட்ல தண்ணி இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு" என்றாள்.

குத்தல் எங்கே குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்தியது. நான் நிலத்தடி நீர் அலுவலகத்தில் புள்ளியியல் பார்க்கிறவன். கிணறு தோண்டுவதில்லை, அளப்பதுமில்லை. மற்றவர்கள் வெயிலில் அலைந்து அளந்து வருகிற எண்களை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்து, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்வது என் பிழைப்பு. மனைவியின் சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சராசரி மாப்பிள்ளை'. சராசரி என்பது என் வேலையில் ஒரு துளிதான் என்று கல்யாணப் பந்தலிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அத்தை வீட்டுக் கொல்லைக் கிணறு எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் ஒன்று. எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் ஏற்படுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் கைப்பிடிச் சுவரில் எங்கள் எண்ணைப் பெயின்டில் எழுதிவிட்டார்கள். மாதம் ஒரு தடவை, குறிப்பிட்ட தேதியில் டேப்காரர் வருவார். இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே இறக்குவார். சுருட்டி எடுத்தால் சாக்பீஸ் எந்த இடம் வரை நனைந்திருக்கிறதோ அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தெருவுக்கும் அதைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களுக்கும் சேர்த்து அந்த ஒரு கிணறுதான் சாட்சி.

சாட்சி சொன்னதுதான் சிக்கல். நகரத்துக் குழாய்த் தண்ணீரைப் புதிய தெருக்களுக்கு நீட்டப் போகிறார்கள். எங்கே நிலத்தடி நீர் வேகமாக இறங்குகிறதோ அங்கே முதலில். அந்த வரிசையைத் தயாரிப்பது என் பொறுப்பு. அத்தையின் தெருவிலிருந்து ஒரு மனு வந்திருந்தது. கிணறுகள் வற்றுகின்றன, எங்களுக்கு முதலில் கொடுங்கள் என்று. முதல் கையெழுத்து என் மாமியாருடையது. அழுத்தந்திருத்தமாக, பேனா தாளைக் கிழிக்கும்படி போட்டிருந்தார். ஆனால் அவர் வீட்டுக் கிணற்றின் இத்தனை வருட அளவுகளையும் சேர்த்து நான் இழுத்த கோடோ ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதனால் அந்தத் தெரு என் வரிசையில் கடைசி. கூட்டத்தில் அது ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு குளியலை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது" என்று மனைவியிடம் சொன்னேன். கண் எரிந்துகொண்டிருந்ததால் குரலில் போதிய கம்பீரம் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கோட்டைத் திரும்பவும் திறந்தேன். பக்கத்து வட்டாரங்களின் கிணறுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல இறங்கிக்கொண்டிருந்தன. இது ஒன்று மட்டும் ஊரோடு ஒத்துப்போகாமல் ஏறியது. பாறையின் அமைப்பு மாறலாம், அடியில் ஓர் ஊற்று இருக்கலாம் என்று முதலில் சப்பைக்கட்டு கட்டினேன். பிறகு டேப்காரரைக் கூப்பிட்டு, டேப்பை எப்போதாவது மாற்றினாரா, வேறு கிணற்றை அளந்துவிட்டு இதன் எண்ணை எழுதிவிட்டாரா என்றெல்லாம் குடைந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், என் மேல சந்தேகம்னா நேரா சொல்லிடுங்க. இத்தனை வருஷத்துல ஒரு மாசம் தப்பினதில்ல. காய்ச்சலோட கூடப் போயிருக்கேன்."

அவர் காய்ச்சலோடு போனது எனக்கும் தெரியும். திரும்பி வந்து எங்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்தவர் அவர்.

ஆளை விட்டுவிட்டு எண்களைப் பிடித்தேன். ஒரு தொடர் முழுக்க ஒரே போக்கில் போகிறதா, அல்லது நடுவில் எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எந்த மாதத்தில் வெட்டினால் இரண்டு துண்டும் தனித்தனியே ஒழுங்காக நிற்கும் என்று அது தேடும். தேடியது. தயங்காமல் ஒரு மாதத்தைக் காட்டியது. அந்த மாதம் வரை அளவுகள் தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்தன. அந்த மாதத்தில் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரேயடியாக எம்பியிருந்தது. அதற்குப் பிறகு குதிப்பே இல்லை. அடாவடிப் பையன் ஒரே நாளில் திருந்தி, தலையை வாரிப் பள்ளிக்குப் போனதுபோல இருந்தது.

அந்த மாதம் என்ன நடந்தது? மழைக் கணக்கைப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. அக்கம்பக்கத்தில் குளம் வெட்டினார்களா, பெரிய ஆழ்துளைக் கிணறு எதையாவது மூடினார்களா என்று விசாரித்தேன். ஒன்றும் இல்லை. மண்டை காய்ந்துபோய், படத்தை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் விரித்து, அந்த உடைப்பின் மேல் விரலை வைத்தேன்.

"இந்த மாசம் உங்க தெருவுல ஏதாவது நடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பெருசா ஏதோ நடந்திருக்கணும்."

அவள் எட்டிப் பார்த்தாள். மாதத்தைப் படித்தாள். வருடத்தைப் படித்தாள். மாவுக் கையை மெதுவாக எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பெருசா ஏதோ நடந்திருக்கணுமா?"

"ஆமா. சாதாரண விஷயமா இருக்க முடியாது. அவ்வளவு பெரிய மாற்றம்."

"என்னன்னு உங்களுக்கு ஞாபகம் வரல?"

"வந்தா நான் ஏன் உன்கிட்ட கேக்கறேன்?"

"ஏங்க," என்றாள் மிகவும் அமைதியாக, "அது நம்ம கல்யாண மாசம்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன பேசப்பட்டது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த தேதி கட்டிய புருஷனுக்குத் தெரியவில்லை என்கிற வாசகம் மூன்று விதமாக வந்தது. கடைசியில் அவளே சிரித்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன சம்பந்தம்? தற்செயலா இருக்கும்" என்றேன்.

அவள் மாவைப் பார்த்தபடி எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா மாசாமாசம் நம்ம வீட்டுக்கு எப்ப வர்றாங்க?"

அத்தை மாதம் ஒரு முறை வருவார். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் சாயங்காலம் போவார். வரும்போது ஒரு துணி மூட்டை கூடவே வரும். தன் வீட்டுத் தண்ணீரில் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடுகிறதாம், அதனால் எங்கள் வீட்டில் துவைத்துக்கொள்வாராம். எங்கள் சலவை இயந்திரம் அன்றைக்குப் போடுகிற சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்திருக்கிறார். மூட்டையைப் பற்றி நான் ஒன்றிரண்டு முறை முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் எந்தத் தேதியில் வருகிறார் என்று நான் கவனித்ததில்லை. தேதிகளில் என் லட்சணம்தான் இப்போது சந்தி சிரித்துவிட்டதே.

டேப்காரருக்கு ஃபோன் போட்டேன். "நீங்க அளக்கப் போறப்போ அந்த வீட்ல யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க சார். பூட்டித்தான் இருக்கும். கொல்லைச் சாவி பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருப்பாங்க. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் அந்தம்மாவை நான் அங்க பார்த்ததே இல்லையே. உங்க வீட்ல இருப்பாங்கன்னு சொல்லுவாங்க."

மறுநாள் அலுவலகம் முடிந்த கையோடு அத்தை வீட்டுக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். அத்தை என் முகத்தைப் பார்த்ததும் காப்பி போட ஓடினார். மாப்பிள்ளைக்கு வருகிற எந்தக் கோபத்துக்கும் அவரிடம் உள்ள முதல் மருந்து அது.

"அத்தை, காப்பி அப்புறம். டேப்காரர் வர்றதுக்கு முந்தின நாள் மோட்டாரை நிறுத்திடறீங்களா?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நான் நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. யாராவது என்றைக்காவது கவனிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல.

"பின்ன? வீட்டுக்கு ஒருத்தர் வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்கி வைக்க மாட்டோமா? முன்னல்லாம் அந்த டேப்காரர் வர்றப்போ நான் பாட்டுக்கு மோட்டாரப் போட்டுத் துணி தோய்ச்சுக்கிட்டு இருப்பேன். நமக்கு என்னன்னு இருந்தேன். அப்புறம்தானே தெரிஞ்சுது, அவர் எழுதிட்டுப் போறது எல்லாம் நம்ம மாப்பிள்ளை மேசைக்குத்தான் வருதுன்னு. மாமியார் வீட்டுக் கிணறே காஞ்சு கெடக்குதுன்னு உங்க ஆபீஸ்ல நாலு பேர் பேசிட்டா? உங்களுக்குத்தானே அசிங்கம்? அதான் முந்தின நாளே மோட்டார நிறுத்தி, கதவப் பூட்டிட்டு உங்க வீட்டுக்கு வந்துடுவேன். இங்க இருந்தா கை சும்மா இருக்காது, சுவிட்சத் தட்டிடுவேன்."

மாதாமாதம் சாப்பிடும்போது, "எப்படி மாப்பிள்ளை, நம்ம கிணறு?" என்று அவர் கேட்பதும், "நல்லா இருக்கு அத்தை" என்று நான் சொல்வதும், அவர் இன்னொரு கரண்டி எடுத்து என் தட்டில் போடுவதும் நினைவுக்கு வந்தன. அதை ஒரு பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அப்போ தண்ணி இல்லைன்னு மனுவில மொத கையெழுத்துப் போட்டீங்களே?"

"அது தெருவுக்கு. இது மாப்பிள்ளைக்கு."

இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற தெளிவு அந்தக் குரலில் இருந்தது. நான் பொறுமையை இழந்துவிட்டேன்.

"உங்க கிணறு ஏறுதுன்னு காட்டுதுங்க, அதனால உங்க தெருவுக்குக் குழாயே கெடைக்கப் போறதில்ல! நீங்க கையெழுத்து வாங்கின அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான்!"

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை காப்பித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அந்தக் கையெழுத்துகளுக்காக அவர் வீடு வீடாக ஏறி இறங்கியவர். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்து ரேகை வாங்கியவர். "நானா கெடுத்தேன்?" என்றார். பிறகு, "அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அந்த அம்மாள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. அதற்குப் பதில், ஆறிப்போன காப்பியைத் திரும்பவும் சூடாக்கி எனக்குக் கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு காலையில் எங்கள் மேலதிகாரியிடம் போனேன். அவர் நிலவியல் படித்தவர். பாறைகளோடு பழகிப் பழகி அவரும் எளிதில் அசையாதவர். மேடம் என்று கூப்பிடுவோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "கிணத்துல ஆள் கை வச்சிருக்கு மேடம். என் மாமியார் கைதான். அளவுகள் கெட்டுப்போச்சு. அந்தக் கிணத்தையே கணக்குலேர்ந்து எடுத்துடறேன்" என்றேன்.

எடுத்துவிட்டால் அந்தத் தெருவுக்குச் சாட்சியே இல்லை. சாட்சி இல்லாத தெரு வரிசையிலும் இல்லை. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மேடம் நான் எதிர்பார்க்காததைச் செய்தார். சிரித்தார். நாற்காலி கிறீச்சிடும்படி சிரித்தார்.

"மோட்டார ஓட விட்டுக்கிட்டு அளந்தா அது என்ன அளவு? பூமிக்கு அடியில தண்ணி எங்க நிக்குதுன்னு அது சொல்லுமா? உங்க மாமியார் அன்னைக்கு எத்தனை துணி தோய்ச்சாங்கன்னுதான் சொல்லும். கிணத்துக்கு ஓய்வு குடுத்துட்டுத்தான் அளக்கணும்னு நான் வேலைக்குச் சேர்ந்த நாளா கத்தறேன். எந்தக் கிணத்துக்காரராவது கேட்டாங்களா? ஒருத்தராவது மோட்டார நிறுத்தினாங்களா? உங்க மாமியார் ஒருத்தங்கதான் யாரும் சொல்லாமலே செஞ்சிருக்காங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெட்டுங்க, வேணாங்கல. ஆனா எந்தப் பக்கத்தை வெட்டணும்னு பாத்து வெட்டுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. கெட்டுப்போனது கல்யாணத்துக்குப் பிந்திய அளவுகள் இல்லை, முந்தியவை. இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே கோடு இழுத்ததுதான் தப்பு. ஒருவரைச் செருப்பு, சட்டை, சாவிக்கொத்து எல்லாவற்றோடும் தராசில் ஏற்றி எடை பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வெறுங்காலோடு ஏற்றி, ஆள் இளைத்துவிட்டார் என்று சொல்வது போன்ற வேலை அது. வெறுங்கால் எடைகளை மட்டும் பார்த்திருந்தால் அவர் உண்மையில் என்ன ஆகிறார் என்று தெரிந்திருக்கும்.

மேசைக்கு ஓடிப்போய் பிந்திய துண்டை மட்டும் வைத்துக் கோடு போட்டேன். இறங்கியது. அப்படி ஒரு சுத்தமான இறக்கத்தை நான் எந்தக் கிணற்றிலும் பார்த்ததில்லை. மற்ற கிணறுகளில் இறங்குகிறதா இல்லையா என்று சொல்வதற்குள் புள்ளிகள் நாலு பக்கமும் சிதறி, நிச்சயமின்மை என்கிற வாலைக் கூடவே இழுத்துவரும். இங்கே ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்துக்கு ஒரு படி கீழே, மழைக்காலத்தில் கொஞ்சம் நின்று, மறுபடியும் கீழே. எங்கள் வரிசையில் இருந்த எந்தத் தெருவைவிடவும் வேகமாக.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. ஒரு மாதம் அரை நாள், ஒரு மாதம் இரண்டு நாள் என்று ஓய்வு கூடிக் குறைந்திருந்தால் அளவும் ஆடியிருக்குமே? ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, டேப்காரர் மூவரும் அத்தை வீட்டுக் கொல்லையில் கூடினோம். மோட்டாரைத் தண்ணீர் நிற்கும்வரை ஓட்டி நிறுத்திவிட்டு, கிணறு எவ்வளவு நேரத்தில் தேறுகிறது என்று அளக்க ஆரம்பித்தோம். சாக்பீஸ் தேய்க்கும் வேலையை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் டேப் இறங்குவதை அவர் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் முறை டேப் மேலே வந்தபோது நனைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு கீழயா?" என்றார்.

"ஆமா அத்தை."

"நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே மாப்பிள்ளை."

"தப்பாச் சொல்லிட்டேன் அத்தை."

அவர் அடுத்த முறைக்குச் சாக்பீஸ் தேய்த்தார். தண்ணீர் முதலில் விறுவிறுவென்று ஏறியது, பிறகு தயங்கித் தயங்கி, மதியச் சாப்பாடு ஆகி வெயில் தாழ்வதற்குள் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் அதே இடம். அரை நாள் விட்டால் போதும், அதற்கு மேல் எத்தனை நாள் விட்டாலும் ஒன்றுதான். அத்தையோ ஒவ்வொரு மாதமும் ஒரு முழு நாளுக்குக் குறையாமல் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார். டேப்காரர் மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், சாக்பீஸ் மாவு முழுதும் என் சட்டையில்.

என் கணக்கை மேடம் இன்னோர் அலுவலகத்துப் புள்ளியியல்காரரிடம் கொடுத்துச் சரிபார்த்தார். மாமியார் வீட்டுக் கிணற்றுக்கு மாப்பிள்ளை மட்டும் சான்று சொன்னால் நன்றாக இருக்காது என்றார். அது நியாயம்தான்.

கூட்டம் நகராட்சி அரங்கில் நடந்தது. எல்லாத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அத்தை இரண்டாவது வரிசையில், தன் தெருப் பெண்களுக்கு நடுவில், கைப்பையை மடியில் இறுக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று மனைவி காதில் கிசுகிசுத்தாள். நான் படத்தைத் திரையில் போட்டு, எங்கே உடைகிறது, ஏன் முந்திய துண்டை விட்டுவிட்டேன் என்று விளக்கினேன். அந்த மாதத்திலிருந்து கிணற்றுக்கு ஓய்வு கொடுத்து அளக்கப்பட்டது என்று மட்டும் சொன்னேன், யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. பக்கத்து வட்டாரத்தின் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். அவர் தெரு ஒரு படி கீழே இறங்கும் என்கிற கவலை அவருக்கு.

"போன மாசம் வரைக்கும் ஏறுதுன்னீங்க. இப்ப எறங்குதுங்கறீங்க. அது உங்க மாமியார் வீடாமே? உங்களுக்கு வேண்டியபடி பாதியை வெட்டிட்டுக் கதை சொல்றீங்களா? ஓய்வு குடுத்ததுக்கு யாரு சாட்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார். கைப்பை கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"நான்தான் சாட்சி. நான்தான் மோட்டார நிறுத்தினேன். என் மாப்பிள்ளைக்குக் கௌரவமா இருக்கணும்னு நிறுத்தினேன். கிணறு நல்லா இருக்கற மாதிரி காட்டணும்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அதனாலதான் இத்தனை நாளா நம்ம தெருவு கடைசியில இருந்திருக்கு." இதை அவர் கண்ணாடிக்கடைக்காரரிடம் சொல்லவில்லை. திரும்பித் தன் பக்கத்துப் பெண்களிடம் சொன்னார். "வீடு வீடா வந்து கையெழுத்து வாங்கினவளும் நான்தான். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. மாப்பிள்ளை கணக்குல தப்பு இல்ல."

அவருக்குத் தண்ணீர்க் குடம் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் அசைந்தார். குனிந்து கைப்பையை எடுத்து, தூசியைத் தட்டி, அத்தையின் கையில் கொடுத்தார். "சாவியை மாசாமாசம் என்கிட்டதானே குடுத்தீங்க? அப்ப நானும் சாட்சிதான்" என்றார். பின்னாலிருந்து டேப்காரர், "பூட்டின வீட்டைத்தான் நான் அளந்தேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்று கத்தினார்.

மேடம் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையையும் மற்ற அலுவலகத்துக்காரரின் சரிபார்ப்பையும் எடுத்து வைத்தார். கண்ணாடிக்கடைக்காரர் நல்ல மனிதர், படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத் தலைவர் தெருவை முதல் இடத்துக்கு மாற்றினார். பெண்கள் அத்தையின் முதுகில் தட்டினார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள்.

தலைவர் ஒரு நிபந்தனை சொன்னார். "அம்மா, இந்தக் கிணத்தோட அளவு எங்களுக்கு இனிமேலும் வேணும். இவ்வளவு சுத்தமான அளவு வேற எங்கயும் இல்லையாம். குழாய் வந்ததும் மோட்டாரக் கழட்டிடுங்க. அது பாட்டுக்கு ஓய்வா இருக்கட்டும்."

"கழட்டிடறேன்" என்றார் அத்தை. ஆனால் உட்காரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "அப்போ நான் மாசாமாசம் எந்தச் சாக்குல பொண்ணு வீட்டுக்குப் போறது?"

அரங்கமே கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒரு வேலையும் இல்லாமல் எங்கள் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றதே இல்லை. கிணற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாரா, எங்கள் வீட்டுக்கு வருவதற்காகக் கிணற்றைப் பிடித்துக்கொண்டாரா? இரண்டும் ஒரே மாதத்தில் தொடங்கியவை. எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் உள்ள எந்தச் சோதனையாலும் முடியாது. முணுமுணுத்த நாட்கள் எல்லாம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. என் மனைவி பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

"சாக்கு வேண்டாம் அத்தை. சும்மா வாங்க. நீங்க வராத வீடு எனக்குப் பிடிக்காது."

"சும்மான்னா?" என்றார் நம்பாமல். "எந்தத் தேதிக்கு வரட்டும்?"

"இன்னிக்கே வாங்க" என்றேன்.